அத்தான் பெயரில் ஒரு கால் போத்தல்

புதிதாகக் குடிவகை லைசன்ஸ் எடுத்து இந்த லண்டனில் கடை திறக்கப் போகிற தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும் நாலு வார்த்தை எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். வயது பார்க்காமல் விற்காதே, விற்க மறுத்ததைக் கொப்பியில் எழுதி வை, கமரா வேலை செய்கிறதா என்று காலையில் பார். இதெல்லாம் ஒருநாள் கோர்ஸில் உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். தேநீரும் பிஸ்கட்டும் தருவார்கள். அதற்கு நான் தேவையில்லை.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஜெர்மனியில் முகாமில் ஒன்றரை வருசம் உருளைக்கிழங்கு சாப்பிட்டேன். பாரிஸில் ஓர் உணவகத்தின் நிலக்கீழ் அறையில் கோப்பை கழுவினேன். ஒன்பது பேருக்கு ஒரு அறை, மூன்று மெத்தை, முறை வைத்துத்தான் நித்திரை. பிறகு லொறிக்குள் தக்காளிப் பெட்டிகளோடு இங்கே வந்து சேர்ந்தேன். பெற்றோல் நிலையம், கோழிக்கடை, கிழங்கு மூட்டை இறக்குகிற வேலை என்று எதிலும் இரண்டு வருசத்துக்கு மேல் நின்றதில்லை. கிழக்கு லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு பலசரக்கு, குடிவகைக் கடையை எடுத்த பிறகு மட்டும் பதினாறு வருசம் நின்றேன். கடை பிடித்துப்போய் நிற்கவில்லை. கடை திறந்திருந்தால் வெளியே போக ஏலாது, அவ்வளவுதான்.

அந்தப் பதினாறு வருசத்தில் என் கையை விட்டுக் கடை போகப் பார்த்தது ஒரே ஒரு தடவை. களவாலும் இல்லை, நெருப்பாலும் இல்லை. ஒரு தாளில் நான் போட்ட ஒரு கோட்டால். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

கடை ஒரு தேவாலயத்துக்கும் எங்களுடைய முருகன் கோயிலுக்கும் நடுவில் இருந்தது. பெரிய சூப்பர்மார்க்கெட்டுகள் ஞாயிற்றுக்கிழமையில் ஆறு மணித்தியாலம்தான் வியாபாரம் செய்யலாம் என்பது இந்த நாட்டுச் சட்டம். எங்களுக்குப் பக்கத்தில் இருந்தது பதினொன்றுக்குத்தான் திறக்கும். சின்னக் கடைக்கு அந்தச் சட்டம் இல்லை. ஆகவே ஞாயிறு காலை எட்டு மணியிலிருந்து பதினொன்று வரைக்கும் அந்தப் பகுதிக்கே நான்தான் கடை. கிழமை முழுக்க ஈ ஓட்டினாலும் அந்த மூன்று மணித்தியாலம் கடையைத் தூக்கி நிறுத்திவிடும். அது போனால் கடை போச்சு. இதை நீங்கள் மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கேளுங்கள்.

ஒரு வருசம் கவுன்சில் தேர்தல் கிட்ட வந்தது. எங்கள் பகுதிக் கவுன்சிலர் ஒருவருக்குத் திடீரென்று ஞாயிற்றுக்கிழமையின் புனிதம் ஞாபகம் வந்துவிட்டது. வழிபாட்டு இடங்களுக்குக் கிட்ட இருக்கிற கடைகள் ஞாயிறு மதியம் இரண்டு மணி வரைக்கும் குடிவகை விற்கக் கூடாது என்று துண்டுப் பிரசுரம் அடித்தார். அதே கட்சியில் இருந்த இன்னொரு கவுன்சிலர், அது தனிமனித சுதந்திரத்தின் கழுத்தை நெரிக்கிற வேலை என்று வேறொரு பிரசுரம் அடித்தார். இரண்டு பேரும் என்னுடைய கடை வாசலில்தான் நின்று படம் எடுத்தார்கள். ஒருவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு, மற்றவர் சிரித்துக்கொண்டு. இரண்டு பேரும் போகும்போது என்னிடம் ஒரு தண்ணீர்ப் போத்தலாவது வாங்கவில்லை.

பிரசுரத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. புனிதக்காரர் என்னுடைய லைசன்ஸை மறுபரிசீலனை செய்யச் சொல்லி கவுன்சிலுக்கு விண்ணப்பம் போட்டார். என்னில் தொடங்கி வரிசையாக மற்றக் கடைகளுக்கும் வருவது அவருடைய திட்டம். எனக்கு விசாரணைக்குத் திகதி குறித்துக் கடிதம் வந்தது. உங்கள் பக்கத்தில் யாரும் பேச விரும்பினால் எழுத்தில் தரலாம் என்றும் அதில் இருந்தது.

இங்கேதான் என்னுடைய அரைகுறைப் படிப்பு வேலை செய்தது. வாடிக்கையாளர்களிடம் கையெழுத்து வாங்கலாம் என்று நினைத்தேன். வெறும் கையெழுத்தைக் கண்டால் கவுன்சில் நம்பாது, விபரம் இருந்தால் நம்பும் என்று யோசித்தேன். அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு நாலு கட்டம் கீறினேன். பெயர். முகவரி. ஞாயிறு காலை எத்தனை மணிக்கு வருவீர்கள். என்ன வாங்குவீர்கள். பேனையை நூலில் கட்டி மேசையில் தொங்கவிட்டேன்.

போலந்துக்காரரும் ஆபிரிக்கரும் வெள்ளைக்காரரும் சிரித்துக்கொண்டு நிரப்பினார்கள். ஒரு கட்டிடத் தொழிலாளி கடைசிக் கட்டத்தில் ‘எல்லாம்’ என்று எழுதினான். எங்களுடைய ஆட்கள் அப்படி இல்லை. தாளைப் பார்ப்பார்கள், கதவைப் பார்ப்பார்கள், கண்ணாடி போட்டு இன்னொரு தரம் தாளைப் பார்ப்பார்கள்.

“அண்ணை, இது ஆர் பாப்பினம்?”

“கவுன்சில்தான் பாக்கும்.”

“கோயில் ஆக்கள்?”

“கோயிலுக்கு ஏன் இதை அனுப்பப் போறன்?”

பிறகு குனிந்து மளமளவென்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். இவ்வளவு கெதியாக எழுதுகிறார்களே என்று எனக்குச் சந்தோசம். எழுதினதை நான் வாசிக்கவில்லை. வாசித்திருந்தாலும் பிடிபட்டிருக்காது. கடைக்கு வருகிற எங்களுடைய ஆட்கள் எனக்கு வீட்டுப் பெயரில்தான் பழக்கம். பாஸ்போர்ட்டில் இருக்கிற நீளப் பெயர்கள் எனக்குத் தெரியாது. தாள்களை மடித்துக் கவரில் வைத்து அனுப்பிவிட்டேன்.

பிறகுதான் தெரிந்தது, எங்களுடைய ஆட்கள் ஒருவர்கூடத் தன் பெயரை எழுதவில்லை என்று. பெயர் வெளியே தெரியக் கூடாது, ஆனால் கடைக்கு உதவி செய்யவும் வேண்டும். அதனால் ஒவ்வொருவரும் மச்சானின் பெயரையோ சகலனின் பெயரையோ போட்டுவிட்டார்கள். அந்த மச்சான், சகலன்மாருடைய உண்மையான முகவரி, தபால் குறியீட்டோடு. நேரமும் சாமானும் மட்டும் தங்களுடையது.

கவுன்சில் ஒழுங்கான கவுன்சில். கையெழுத்து வைத்த ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லிக் கடிதம் போட்டது. ‘தாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஒன்பது மணிக்கு ஆறு டின் பியர் வாங்குபவர் என்று எமக்குத் தெரிவித்ததற்கு நன்றி. இது சரியா என்று உறுதிப்படுத்தவும்.’ எங்கள் வீடுகளில் ஆங்கிலக் கடிதத்தை யார் உடைப்பது என்று உங்களுக்குத் தெரியும். பிள்ளைகள் உடைத்து, சாப்பாட்டு மேசையில், அம்மாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினார்கள்.

சபரிமலைக்கு மாலை போட்டிருந்த ஒருவருக்குக் கடிதம் போனது. இருதய ஒப்பரேசன் முடிந்து வீட்டுக்கு வந்த ஒருவருக்குப் போனது. இறந்து இரண்டு வருசமான ஒருவருக்கும் போனது. அவர் ஞாயிறுகளில் விஸ்கி வாங்குவதாக எழுதியிருந்ததாம். அவருடைய மனைவி கடிதத்தை நெஞ்சோடு வைத்து, “ஓம், அது அவர்தான்” என்று அழுதாவாம்.

அந்தக் கிழமை முழுக்கக் கடைத் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. சனிக்கிழமை காலை குகன் வந்தான். வெள்ளை வான் ஓடுகிறவன், ஐம்பது வயது, ஞாயிறு தவறாமல் பத்து மணிக்குக் கால் போத்தல் பிராண்டி வாங்கிக்கொண்டு போகிறவன்.

“அண்ணை, அத்தான் வீட்டை கடிதம் போயிட்டுது.”

“எந்த அத்தான்?”

“கோயில் செயலாளர்.”

செயலாளர் என்றால் அந்தப் பகுதி முழுக்கத் தெரிந்த மனிசன். ஒரு சொட்டுக் குடிக்காதவர். குடிக்கிறவன் வீட்டுக் கலியாணத்தில் பந்தியில் இருக்கமாட்டார். கவுன்சிலரின் விண்ணப்பத்தில் முதல் ஆதரவுக் கையெழுத்தே அவருடையது. இப்போது அவருடைய பெயர் இரண்டு பக்கமும் இருந்தது.

“ஏன்ரா அவரின்ரை பேரைப் போட்டனீ? வேறை ஆள் கிடைக்கேல்லையோ?”

“அதை மட்டும் கேக்காதேங்கோ அண்ணை.”

“நீ குடிக்கிறதை மறைக்க அந்த மனிசனை ஏன் இழுத்தனீ?”

“கேக்காதேங்கோ எண்டு சொன்னனெல்லே. நான்தான் கையெழுத்து வைச்சனான். ஆனா அத்தானுக்குத் தெரிஞ்சால் அக்கான்ரை குடும்பம் போச்சு. ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ.”

“சொல்லமாட்டன். போ.”

சொல்லமாட்டன் என்று சொல்லும்போது அது சின்ன விசயமாகத்தான் இருந்தது.

விசாரணை ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கவுன்சில் கட்டிடத்தில். மூன்று கவுன்சிலர்கள் ஒரு நீள மேசையில் இருந்தார்கள். நடுவில் இருந்த தலைவி கண்ணாடியைச் சங்கிலியில் கட்டிக் கழுத்தில் போட்டிருந்தா. பின்னால் கதிரைகள் நிறைய ஆட்கள். கோயிலிலிருந்து செயலாளர், பக்கத்தில் அவருடைய மனைவி மலரக்கா, அவவுக்குப் பக்கத்தில் குகன். குகன் கூரையில் இருந்த நெருப்பு எச்சரிக்கைக் கருவியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

புனிதக்காரர் எழும்பி, ஞாயிறு வழிபாட்டு நாள் என்று உருக்கமாகப் பேசினார். தேவாலயப் போதகர் ஆமோதித்தார். அதோடு முடிந்திருக்க வேண்டும். பள்ளிவாசலிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் மிக மரியாதையாகக் கையை உயர்த்தி, வெள்ளிக்கிழமைக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டார். எங்களுடைய செயலாளர் உடனே எழும்பி, எங்களுக்கும் வெள்ளி முக்கியம், செவ்வாயும் முக்கியம் என்றார். வேறொரு சபையைச் சேர்ந்த அம்மா, தங்களுக்குச் சனிதான் ஓய்வுநாள் என்றா. பின்வரிசையிலிருந்து ஒருவர், சனிக்கிழமை எள்ளெண்ணெய் எரிக்கிறவர்களும் இருக்கினம் என்று தமிழில் சத்தம் போட்டார். வியாழன் குருவுக்கு என்று இன்னொருவர். திங்கள் சிவனுக்கு என்று அவருக்குப் பக்கத்திலிருந்தவர், விட்டுக்கொடுக்க மனமில்லாமல்.

கவுன்சில் அதிகாரி ஒவ்வொரு நாளாக எழுதிக்கொண்டு வந்தார். தலைவி கண்ணாடியைப் போட்டுப் பார்த்தா.

“புதன்கிழமை மிச்சம் இருக்கிறது.”

எல்லோரும் யோசித்தோம். யாருக்கும் புதனில் ஒன்றும் இல்லை. அப்போது ஓர் ஐரிஷ்காரர் எழும்பினார். குடியை விட்டவர்கள் கூடுகிற கூட்டம் தன்னுடையது என்றும், அது என் கடைக்கு மேல்மாடியில் புதன்கிழமைகளில் நடக்கிறது என்றும் சொன்னார்.

புனிதக்காரர் திண்டாடிப் போனார். நான் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி மட்டும்தான் சொன்னேன் என்றார். அப்படியென்றால் மற்ற நாட்கள் குறைந்த நாட்களா என்று நாலு பக்கத்திலிருந்தும் கேட்டார்கள். எல்லாருக்கும் வாக்கு இருக்கிறது. “எல்லா நாளும் முக்கியமான நாள்தான்” என்று சொல்லிவிட்டு அவர் இருந்துவிட்டார்.

நான் தப்பிவிட்டேன் என்று நினைத்தேன். தலைவி என்னுடைய தாள்களைக் கையில் எடுத்தா.

“இதில் பலர், இது தங்கள் கையெழுத்து இல்லை என்று பதில் எழுதியிருக்கிறார்கள். ஒருவர் காலமாகிவிட்டார். லைசன்ஸ் விசயத்தில் பொய்யான ஆவணம் கொடுப்பது குற்றம் என்று உங்களுக்குத் தெரியுமா? இது நீங்களே எழுதியது என்றால், ஞாயிறு காலை மட்டும் இல்லை, முழு லைசன்ஸையும் நான் யோசிக்க வேண்டி வரும்.”

செயலாளர் எழும்பினார். தன்னுடைய கடிதத்தை எல்லோருக்கும் உயர்த்திக் காட்டினார். “என் வாழ்க்கையில் மது தொட்டதில்லை. என் பெயரை யார் எழுதினது என்று இந்தக் கடைக்காரர் இப்போது சொல்ல வேண்டும்” என்று நல்ல ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில், “சொல்லும் காணும். ஆர் அவன்?” என்றார்.

தம்பிமாரே, இந்த இடத்தைப் பற்றி ஒரு கோர்ஸிலும் சொல்லித் தரமாட்டார்கள். திரும்பிப் பார்த்தால் குகன் எனக்கு நேர் எதிரே இருக்கிறான். விரலை நீட்டினால் நான் தப்பிவிடுவேன். நீட்டாவிட்டால் கள்ளக் கையெழுத்துக்காரன். ஐம்பத்தெட்டு வயதில் திரும்பவும் கோப்பை கழுவப் போகலாம், எனக்கு அதில் வெட்கமில்லை, ஆனால் முழங்கால் விடாது. அவ்வளவும் யோசித்தேன். அவனும் ஞாயிறு தவறாமல் என் கதவைத் திறந்து வந்த மனிசன் என்பதையும் யோசித்தேன்.

எழும்பி என்னுடைய ஆங்கிலத்தில் சொன்னேன். “மேடம், தாள் என்னுடையது. கோடு நான் போட்டது. பேனையும் நூலும் என்னுடையது. எழுதின கை என்னுடையது இல்லை. யாருடைய கை என்று எனக்கு ஒன்று தெரியும், மற்றது தெரியாது. தெரிந்ததையும் சொல்லமாட்டேன்.”

“ஏன்?”

“நான் போத்தல் விற்கிறவன். யார் வாங்கினது என்பதை விற்பதில்லை.”

தலைவி பேனையை எடுத்தா. “அப்படியென்றால் எனக்கு வேறு வழியில்லை.”

“தம்பி, நீர் இரும்” என்று ஒரு குரல் கேட்டது. மலரக்கா எழும்பி நின்றா. நான் அந்த மனிசியின் குரலை அதற்கு முன் கேட்டதில்லை. “நான் கதைக்கவேணும். எனக்கு இங்கிலிஸ் வராது. தமிழிலைதான் சொல்லுவன்.”

செயலாளருக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தக் கூட்டத்திலும் எங்களுடைய ஆட்கள் தமிழில் பேசினால் அவர்தான் மொழிபெயர்ப்பார். முப்பது வருசப் பழக்கம். மனைவி எழும்பியதும் அவர் தானாகவே சபையைப் பார்த்துத் திரும்பி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“என்ரை தம்பி குகன் குடிக்கிறவன் இல்லை” என்றா மலரக்கா.

அவர் அதை ஆங்கிலத்தில் சொன்னார்.

“ஞாயிறு ஞாயிறு பத்து மணிக்கு அந்தப் பிராண்டியை அவன் எனக்குத்தான் வாங்கித் தாறவன்.”

அதையும் சொன்னார். சொல்லி முடிக்கும்போது புருவம் கொஞ்சம் உயர்ந்தது. ஆனால் பழக்கம் அவரை விடவில்லை.

“நான் அதை மல்லிக்கோப்பிக்குள்ளை விட்டுக் கலக்கி, என்ரை மனிசனுக்கு, கோயிலுக்குப் போக முதல் குடுக்கிறனான். இருபது வருசமா.”

செயலாளர் வாயைத் திறந்தார். “She says, every Sunday, before temple, with the coriander coffee, she is giving the brandy to her husband...” அங்கே நின்றுவிட்டார்.

“தயவுசெய்து தொடருங்கள்” என்றா தலைவி.

“...to me” என்றார்.

பிறகு அவர்கள் இரண்டு பேரும் மூன்று கவுன்சிலர்களையும் மறந்துபோனார்கள்.

“மருந்தெண்டெல்லே சொன்னனீர்?”

“மருந்துதானே. உங்கடை நெஞ்சுச் சளிக்கு.”

“இருபது வருசமாவோ?”

“இஞ்சருங்கோ, இருபது வருசமாச் சளி வந்ததோ?”

அவர் யோசித்தார். “இல்லை.”

“கோயிலுக்குப் போகேக்கை ஞாயிறிலை மட்டும் ஏன் நல்லாப் பாடுறியள் எண்டு ஐயரே கேட்டவர். நான்தான் ஒண்டும் சொல்லேல்லை.”

குகன் கூரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு முகத்தைக் கையால் பொத்திக்கொண்டான். அழுகிறானா சிரிக்கிறானா என்று தோளைப் பார்த்துச் சொல்ல ஏலவில்லை. அவனை நான் தவறாக எடை போட்டிருந்தேன். குடிக்கிறவரின் பெயரைத்தான் அவன் நேர்மையாக எழுதியிருக்கிறான். அந்தத் தாளில் எங்களுடைய ஆட்கள் எழுதினதில் உண்மையான வரி அது ஒன்றுதான்.

“என்ன பேசுகிறார்கள்?” என்று தலைவி என்னைக் கேட்டா.

“சுகநலம் பற்றி, மேடம்.”

தலைவி செயலாளரைப் பார்த்து, கொஞ்சம் மெதுவாகவே கேட்டா. “ஐயா, உங்கள் பெயரில் இருக்கிற இந்த வரி பொய்யா, இல்லையா? உங்கள் பதிலைப் பொறுத்துத்தான் நான் இந்தத் தாள்களை எப்படி எடுப்பது என்று முடிவு செய்ய வேண்டும்.”

அவர் பொய் என்று சொல்லியிருக்கலாம். அதற்கு அவருக்கு உரிமை இருந்தது. கோயில் ஆட்கள் இருபது பேர் பின்னால் இருந்தார்கள். அவர் மனைவியைப் பார்த்தார், குகனைப் பார்த்தார், என்னை நீண்ட நேரம் பார்த்தார். சால்வையைச் சரிசெய்தார்.

“கையெழுத்துப் பொய்,” என்றார். “விசயம் உண்மை.”

அரை மணித்தியாலம் எங்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுத் திரும்பக் கூப்பிட்டார்கள். கடைக்காரர் எதையும் இட்டுக்கட்டியதாகத் தெரியவில்லை, ஆட்கள் தங்களைத்தான் மறைத்திருக்கிறார்கள் என்றா தலைவி. என் லைசன்ஸ் இருந்தபடியே இருக்கும், ஞாயிறு காலையும் இருக்கும். இனிமேல் அடையாளம் பார்க்காமல் கையெழுத்து வாங்கக் கூடாது என்று எனக்கு எச்சரிக்கை. எந்தெந்த நாட்கள் புனிதமானவை என்பது பற்றி மேலும் கருத்துக் கேட்கப்படும் என்று அதிகாரி வாசித்தார். அந்தக் கருத்தை இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

இதிலிருந்து உங்களுக்குச் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். எங்களுடைய ஆட்களிடம் பெயரும் சாமானும் ஒரே வரியில் கேட்காதீர்கள். வாங்குகிற ஆளைக் குடிக்கிற ஆள் என்று முடிவு கட்டாதீர்கள். யாரைக் காட்டிக்கொடுத்தால் தப்பலாமோ அந்த ஆள் ஒருநாள் உங்களுக்கும் எதிர்க் கதிரையில் இருப்பான். அப்போது வாயைப் பொத்திக்கொண்டு நில்லுங்கள். எனக்கு மலரக்கா எழும்பினா. உங்களுக்கு யாரும் எழும்பாமல் போகலாம். அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் பொத்த வேண்டும்.

அடுத்த ஞாயிறு பத்து மணிக்குக் குகன் வரவில்லை. கடையில் நல்ல சனம். கதவு திறந்தது. செயலாளர் வந்தார். வேட்டி, அதற்கு மேல் குளிருக்குத் தடித்த கோட், நெற்றி நிறையத் திருநீறு. வரிசையில் நின்ற எங்களுடைய ஆட்கள் நாலு பேர் உடனே பருப்புப் பைகளைத் தூக்கி விலை பார்க்கத் தொடங்கினார்கள். அவர் யாரையும் முந்தாமல் தன் முறை வரும்வரைக்கும் நின்றார். மேசைக்கு வந்ததும் எனக்குப் பின்னால் இருந்த தட்டுகளை மேலிருந்து கீழே, ஒவ்வொரு போத்தலாக, நிதானமாகப் பார்த்தார். கடைசியில் என்னிடம் குனிந்தார்.

“தம்பி, நான் வழமையாக் குடிக்கிறது எது?”